பாம்பின் அறையில் சாம்பிராணி

எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் வீட்டைச் சுற்றிக் காட்டியாக வேண்டும். அமெரிக்காவில் வீடு வாங்கிய எந்தத் தமிழ்க் குடும்பமும் இதிலிருந்து தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சமையலறை மேடையைக் காட்டுவேன், பூஜை அலமாரியைக் காட்டுவேன், லிவர்மோர் வெயிலில் கருகிக்கொண்டிருக்கும் கறிவேப்பிலைச் செடியைக்கூடக் காட்டுவேன். மாடியில் கடைசி அறை வந்ததும் மட்டும் நடை கொஞ்சம் வேகமாகிவிடும். "இது சும்மா ஸ்டோர் ரூம்ங்க, ஒரே குப்பை" என்பேன். அந்தக் குப்பை எட்டு அடி நீளம். உயிரோடு இருந்தது. பாம்பு.

என் மகள் ஹைஸ்கூலில் படித்தபோது வந்தது அது. வேறு மாநிலத்துக்கு மாறிப்போன ஒரு குடும்பம் வைத்துக்கொள்ள முடியாமல் கொடுத்தது. அப்போது ஒரு முழ நீளம்தான் இருக்கும், தடிமன் என் கட்டைவிரல் அளவு. போவா வகை, விஷம் கிடையாது, ஆனால் பெரிதாக வளரும், இருபது முப்பது வருஷம்கூட இருக்கும் என்று மகள் முதல் நாளே சொன்னாள். நாங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை. நாய் கேட்டாள், முடியாது என்றோம். பூனை கேட்டாள், என் கணவருக்குத் தும்மல் என்றோம். மூன்றாவதாகப் பாம்பு கேட்டபோது மறுக்கக் காரணம் தீர்ந்துபோயிருந்தது.

அது வளர வளர அதற்கு வீடு கட்டினாள். கட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கூண்டு என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அறையின் ஒரு சுவர் நீளத்துக்குப் பெரிய பெட்டி, முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு. ஒரு கோடி சூடாக இருக்கும், மறு கோடி கொஞ்சம் குளிர்ச்சியாக. எந்தப் பக்கம் வேண்டுமோ பாம்பு போய்க்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைவிடம், உடம்பு முழுக்க ஊறும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட், ஈரப்பதம் பார்க்க ஒரு மீட்டர். சூடு குறைந்தால் என் போனில் அலாரம் அடிக்கும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் எங்களுக்கே இத்தனை வசதி இருந்ததில்லை.

அதன் சாப்பாட்டைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டோம். அப்படிப்பட்ட வீட்டின் கராஜில் ஒரு குட்டி ஃப்ரீசர், அதற்குள் உறைந்த எலிகள். மாதம் ஒருமுறை என் கணவர் ஒன்றை எடுத்து, அதற்கென்று வைத்திருக்கும் வாளியில் வெந்நீர் ஊற்றி இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து உள்ளே நீட்டுவார். நான் அன்று பூராவும் கீழே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். கராஜ் பக்கம் விருந்தாளி யாராவது செருப்பை எடுக்கப் போனாலே எனக்கு வியர்த்துவிடும்.

மகள் மேல்படிப்புக்கு டெக்ஸஸ் போனாள். அங்கே அவள் தங்கிய இடத்தில் பாம்புக்கு அனுமதி இல்லை. கிளம்புவதற்கு முன் எங்கள் இருவரையும் அந்த அறையில் உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தாள். பாம்பை வெளியே எடுத்தால் இரண்டு பேராகத்தான் எடுக்க வேண்டும். சாப்பிட்டதும் தொடக் கூடாது. தோல் உரிக்கும் சமயம் கண் நீலம் பூக்கும், அப்போது தனியாக விட்டுவிட வேண்டும். கை கழுவாமல் கதவைத் திறக்கக் கூடாது. கடைசியாக என்னைப் பார்த்து, அவளுடைய ஆங்கிலமும் தமிழும் கலந்த பேச்சில் சொன்னாள்:

"அம்மா, எஸ்பெஷலி யூ. நோ ஊதுபத்தி, நோ கற்பூரம், நோ சாம்பிராணி இன் திஸ் ரூம். அவளோட லங்ஸ் ரொம்ப சென்சிடிவ். ப்ராமிஸ்?"

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றேன்.

"முடியலன்னா சொல்லுங்க. வேற நல்ல இடம் பாக்கறேன். ஐ வோன்ட் பி ஆங்ரி."

"நாங்க பாத்துக்க மாட்டோமா!" என்று அவள் வாயை அடைத்தேன். உண்மையைச் சொன்னால், பாம்பின் மேல் உள்ள பிரியத்தில் சொல்லவில்லை. மகள் எங்களை நம்பி விட்டுப்போகிற பொருள் அது ஒன்றுதான். அதையும் வேறு யாரிடமோ கொடுத்துவிடுவாளோ என்ற பயம்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். சிக்கல், வெள்ளிக்கிழமை சுலோக குரூப் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தொடங்கியது.

வாராவாரம் ஒரு வீட்டில் கூடி சுலோகம் சொல்லிப் பிரசாதம் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். எங்கள் முறை வந்தபோது, நான் என் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காகச் சர்க்கரைப் பொங்கல், சுண்டல், புளியோதரை என்று இழுத்து விட்டுக்கொண்டேன். இரண்டு ரைஸ் குக்கர், ஒரு இன்ஸ்டன்ட் பாட், காபிக்கு எலெக்ட்ரிக் கெட்டில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டேன். பிரேக்கர் டப்பென்று விழுந்து கரண்ட் போயிற்று. இந்த வீட்டைக் கட்டியவன் செய்த புண்ணியம், மாடியின் கடைசி அறையும் சமையலறையும் ஒரே லைனில் இருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் நடு சுலோகத்தில் என் போன் அலறியது.

மாடிக்கு ஓடினேன். ஏதோ விபரீதம் என்று எண்ணி மாமியும் பின்னாலேயே வந்துவிட்டார். குரூப்பில் எல்லோருக்கும் அவர் மாமிதான், அவர் சொன்னால் சொன்னதுதான். நான் கதவைத் திறந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அது முழு நீளத்துக்கும் படுத்திருந்தது.

இன்றோடு நம் மானம் போயிற்று என்று நினைத்தேன். மாமி கத்துவார், எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், நாளைக்கு பே ஏரியா முழுக்கத் தெரிந்துவிடும். மாமி கத்தவில்லை. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"இத்தனை நாளா அம்பாளை உள்ள பூட்டி வெச்சுண்டு, ஸ்டோர் ரூம்னு சொல்லிண்டிருந்தயே!"

பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மேலே வந்தார்கள். கும்பிட்டார்கள். யாரோ ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள். எத்தனையோ வருஷமாக ஒளித்து ஒளித்து வைத்த ஒன்று ஒரே சாயங்காலத்தில் பெருமையாக மாறினால் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். எனக்குக் கிறுகிறுத்தது. மகள் அதற்கு வைத்திருந்த அமெரிக்கப் பெயரை யாரும் கேட்கவில்லை. அன்றே அது நாகம்மா ஆகிவிட்டது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். மகனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறவர், கிரீன் கார்டு வராதவர், நாகதோஷம் என்று ஜோசியர் சொன்னவர். நானும் சும்மா விட்டுவிடவில்லை, விதிகள் போட்டேன். பால் கண்ணாடிக்கு வெளியேதான். பாம்பு பால் குடிக்காது. மஞ்சள், குங்குமம் உள்ளே போகக் கூடாது. யாரும் தொடக் கூடாது. இந்த விதிகளைச் சொல்லும்போது எனக்கு என் மகளின் குரல் வந்துவிடும். ரொம்பப் பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பிராணி மட்டும் எப்படி உள்ளே வந்தது என்றால், ஒரு பெண்ணால் வந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், சன்னிவேலில் சாஃப்ட்வேர் வேலை. இரண்டு முறை கரு கலைந்திருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்னத் தூபக்காலை எடுத்து, "ஆன்ட்டி, சாம்பிராணி போடலாமா? எங்கம்மா போடச் சொன்னாங்க" என்றாள்.

மகள் சொன்னது நினைவில் இல்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. ஆனால் வீடு தேடி வந்தவள், அதுவும் அழுதுகொண்டிருப்பவள், அவளிடம் எப்படி வேண்டாம் என்பது? பக்கத்தில் மாமி வேறு நின்றார். "கொஞ்சமா போடும்மா" என்றேன். 'கொஞ்சமா' என்ற அந்த ஒரு சொல்லில் மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாம்புக்குச் சூடு குறைந்துவிடும் என்பதால் அந்த அறையின் ஜன்னலைத் திறப்பதில்லை. புகை அங்கேயே நின்றது. அடுத்த வாரம் இன்னொருவர் போட்டார். அதற்கடுத்து, போடுவதே வழக்கமாகிவிட்டது.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே நாகம்மா மெல்லத் தலையைத் தூக்கினாள். தூக்கி, நேரே மேலே பார்த்தபடி அப்படியே நின்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அம்மா பேசறா, கேட்டேளா?" என்றார் மாமி.

எல்லோரும் கைகூப்பினார்கள். எனக்கும் புல்லரித்தது. அந்த நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எங்கேயாவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் என் கணவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீசிலிருந்து வந்தார். உடை மாற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மேலே போனார். போன வேகத்தில் என்னைக் கூப்பிட்டார். பாம்பு அப்போதும் தலையைத் தூக்கியபடிதான் இருந்தது. வாயோரம் சோப்பு நுரை மாதிரி குமிழ்கள்.

"இது பேசலடி. மூச்சு விட முடியாம தவிக்குது" என்றார்.

பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பழைய போர்வையில் சுற்றி, மறுநாள் காரில் ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டுப் போனோம். பாம்புக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டர் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தார். அங்கே காத்திருக்கும் அறையில், அறுபதைத் தொடப்போகிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மடியில் பாம்புப் பெட்டியோடு உட்கார்ந்திருக்க, எதிரே ஒரு பூனைக்காரம்மா பூனையை எடுத்துக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பாம்பைப் பரிசோதித்து, நுரையீரலில் தொற்று, கொஞ்சம் முற்றியிருக்கிறது என்றார். என் போனில் இருந்த சூட்டுக் கணக்கு, ஈரப்பதக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்தார். இவ்வளவு நன்றாக வைத்திருக்கும் வீடுகளை அதிகம் பார்த்ததில்லை என்று பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்க என் காது கூசியது. அதற்குள் என் கணவர் மகளைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அப்படியானால் அந்த அறையில் புகை ஏதாவது உண்டா? யாராவது சிகரெட் பிடிப்பார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். போனில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது எனக்குத் தெரிந்தது. என் கணவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் பிடிப்பேன்" என்றார்.

வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாத மனிதர். கல்லூரியில் நண்பர்கள் வற்புறுத்தி ஒரே ஒரு இழுப்பு இழுத்து வாந்தி எடுத்த கதையைக் கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் டாக்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, ஆபீசில் டென்ஷன், வீட்டில் யாருக்கும் தெரியாது, அந்த அறையில் உட்கார்ந்து பிடிப்பேன் என்று அடுக்கினார். டாக்டர் அவருக்கு நுரையீரலைப் பற்றிப் பாடம் எடுத்தார். பாம்பின் நுரையீரலைப் பற்றியும், அவருடையதைப் பற்றியும்.

"அப்பா?" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுகிற சத்தம் கேட்டது. பாம்புக்காகவா, அப்பாவுக்காகவா என்று தெரியவில்லை.

காரில் திரும்பும்போது, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ சொல்லியிருப்பியா?" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

அதன் பிறகு சில நாளுக்கொரு முறை ஊசி. அவர் உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார், டாக்டர் காட்டிக்கொடுத்த மாதிரி கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நான் போடுவேன். அத்தனை பலமுள்ள உடம்பு, நினைத்தால் என் கையை நசுக்கிப்போடக்கூடிய உடம்பு, ஊசி இறங்கும்போது லேசாக நெளியும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கோ" என்பேன். பாம்புக்குக் காது கேட்காது என்று மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். முழுக்க அப்படிக் கிடையாது, அதிர்வு தெரியும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

மாமிக்கும் மற்றவர்களுக்கும் என்ன சொன்னேன்? "தோல் உரிக்கிற சமயம், தொந்தரவு பண்ணக் கூடாது" என்றேன். அதுவும் பொய். மகள் வாரம் தவறாமல் அப்பாவுக்குப் போன் போட்டு, இன்று பிடித்தீர்களா, நாளைக்கு விட்டுவிடுவீர்களா என்று விசாரித்தாள். சிகரெட்டை விட உதவும் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத் தபாலில் அனுப்பினாள். இவர் வீடியோ காலில் அவள் எதிரே ஒன்றை வாயில் போட்டு மெல்லுவார். "நாக்கெல்லாம் எரியுது" என்று பிறகு என்னிடம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்பேன். அவள் படிப்பு முடியட்டும், பாம்பு தேறட்டும், அவள் நேரில் வரட்டும் என்று தள்ளிப்போட எனக்குக் காரணமா கிடைக்காது?

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நேரில் வந்தாள். வந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்குப் போய்ப் பார்த்தாள். பாம்பு ஏறக்குறையத் தேறியிருந்தது, நுரை நின்றிருந்தது, மூச்சு இன்னும் கொஞ்சம் கரகரத்தது. கீழே வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்து, "குட், நோ ஸ்மெல்" என்றாள். அவர் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் காலிங் பெல் அடித்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். அந்தச் சன்னிவேல் பெண் நின்றிருந்தாள். கையில் பால் செம்பு, பூ, அந்தத் தூபக்கால். முகமெல்லாம் சிரிப்பு, சுடிதாருக்கு மேலே லேசாக மேடிட்ட வயிறு.

"ஆன்ட்டி, நாலு மாசம் முடிஞ்சிடுச்சு! நாகம்மாதான் குடுத்தா. அன்னிக்கு நான் சாம்பிராணி போட்டேன்ல, அந்த வாரமே... இன்னிக்கும் போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மகள் தூபக்காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சோபாவில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

இப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண், முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறாள், வாசலில் நிற்க வைத்து எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மகள்தான் பேசினாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அந்தப் பெண்ணிடம் வார்த்தைகளைத் தேடித் தேடித் தமிழில் பேசினாள்.

"கங்கிராட்ஸ் அக்கா. உள்ள வாங்க. அவளைப் பாருங்க, எவ்ளோ நேரம் வேணும்னாலும். இது மட்டும் வேண்டாம். புகை அவளுக்கு ஒத்துக்காது. சிக் ஆயிட்டா."

"ஐயையோ!" என்று பதறிப்போனாள் அந்தப் பெண். "எனக்குத் தெரியவே தெரியாதே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொண்டே வந்திருக்க மாட்டேனே, ஆன்ட்டி!"

தூபக்காலை அவளே கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தாள். முகம் சுளிக்கவில்லை, மனசு கோணவில்லை. இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். மேலிருந்து மகள் அவளுக்குத் தெர்மோஸ்டாட்டைப் பற்றி விளக்கும் குரல் கேட்டது. ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் யாரோ புண்பட்டுவிடுவார்கள் என்று நான் ஒரு உயிரைப் புகையில் போட்டு, புருஷனைக் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தேன்.

அவள் போன பிறகு மகள் கீழே இறங்கி வந்தாள். நான் அடிபடத் தயாராக நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அப்பாவிடம் போய், அவர் வாய்க்குக் கீழே கையை நீட்டினாள்.

"துப்புங்கப்பா" என்றாள்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் துப்பினார்.

மாமிக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அவரும் "முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?" என்றுதான் கேட்டார். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓகே அம்மா" என்றாள். அந்த ஓகே எனக்குப் போதவில்லை, அதற்கு மேல் கேட்கும் தைரியமும் இல்லை.

கிளம்புகிற அன்று பாம்பு வீட்டின் பூட்டுச் சாவியை என் சாவிக்கொத்திலிருந்து கழற்றினாள். வேறு யாரிடமாவது பாம்பைக் கொடுக்கப்போகிறாளோ என்று பயந்தேன். கொடுக்கவில்லை. சாவியை அப்பாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். இப்போது அது அவர் சட்டைப் பையில், சூயிங்கம் இருந்த இடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் தண்ணீர் மாற்றுவதற்கு நான் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.